தலையில் அடிபட்டால்: ஆட்டக்காரர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

நான் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரி நாட்களில் கபடி ஆடியவள். ஆட்டத்தில் தலையில் அடிபட்டு ஒரு பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தவள். மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், பழைய ஆட்டத் தோழிகள், பைக்கில் விழுந்த உறவினர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது என்பதை இதில் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

மூளை அதிர்ச்சி என்கிறார்களே, தலைக்குள் என்னதான் ஆகிறது?

கிரிக்கெட் வர்ணனையில் ‘கன்கஷன்’ என்று கேட்டிருப்பீர்கள், அதுதான் இது. மூளை மண்டையோட்டுக்குள் இறுக்கிக் கட்டி வைக்கப்பட்டதல்ல, சுற்றிலும் நீர் சூழ மெத்தென்று மிதந்துகொண்டிருப்பது. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டால் பஸ் நின்றுவிடும், உள்ளே நிற்கும் பயணிகள் முன்னால் போய் மோதுவார்கள் அல்லவா? தலை திடீரென்று நிற்கும்போதும் சுழலும்போதும் மூளைக்கு நேர்வது அதுவே. நரம்பிழைகள் இழுபடுகின்றன. நரம்பணுக்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்கு நிறைய ஆற்றல் தேவை. ஆனால் அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. தலைவலி, மந்தம், குமட்டல், வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம் எல்லாம் இந்தப் பற்றாக்குறையின் வெளிப்பாடுகள்.

தலையிலேயே அடி விழ வேண்டும் என்பதில்லை. நெஞ்சில் பலமான இடி வாங்கி, தலை வெடுக்கென்று பின்னால் போய்த் திரும்பினாலும் போதும். கபடியில் ‘டேஷ்’ (மோதித் தள்ளுவது) வாங்கி எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் விழுகிறவருக்கு இப்படி ஆவதை நான் பார்த்திருக்கிறேன். தலையில் ஒரு கீறல்கூட இருக்காது.

நினைவு தப்பவில்லை, எழுந்து நடந்துவிட்டான். அப்படியானால் பயமில்லைதானே?

விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் நினைவு தப்புவதே இல்லை. மயங்கி விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்ற எண்ணம்தான் மைதானங்களில் அதிகக் கேடு செய்கிறது.

2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடிய ஆஷஸ் கிரிக்கெட் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், இடக்காதுக்குக் கீழே தாக்கியது. அப்போது அவர் 80 ரன். தரையில் விழுந்தவர் எழுந்தார், அணி மருத்துவரின் சோதனைகளில் தேறினார், சிறிது நேரத்தில் மறுபடியும் ஆட வந்து 92 ரன்னில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலையில்தான் தலை மந்தமாக இருப்பது தெரிந்தது. அந்த ஆட்டத்திலிருந்தும் அடுத்த டெஸ்டிலிருந்தும் விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றிலேயே முதல் கன்கஷன் மாற்று வீரர். மூளை அதிர்ச்சி அடைந்தவருக்குப் பதிலாக இன்னொருவரை ஆட இறக்கலாம் என்ற அந்த விதி நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

பயிற்சி பெற்ற மருத்துவர், காணொளி, சோதனைக் கருவிகள் எல்லாம் பக்கத்திலேயே இருந்தும் அறிகுறிகள் மறுநாள் வரை காத்திருந்து வந்தன. நம் பள்ளி மைதானத்தில் பந்து பொறுக்கும் பையனிடம் “டேய், அண்ணன் எப்படி இருக்கார் பார்” என்று கேட்டு முடிவெடுக்க முடியாது. அடிபட்டவர் அன்று மறுபடி ஆடக் கூடாது. இதில் பேரம் வேண்டாம்.

உங்களுக்கு எப்படி நடந்தது? உள்ளிருந்து பார்க்கும்போது எப்படி இருக்கும்?

இரவு ஆட்டம். நான் வலது மூலையில் நின்று பிடிப்பவள். கபடி பாடி வந்தவளின் கணுக்காலைப் பிடிக்கத் தாழ்ந்து பாய்ந்தேன், திரும்பிய அவளுடைய முழங்கால் என் நெற்றிப்பொட்டுக்கு மேலே இடித்தது. பொறி கலங்கியது என்று சொல்வோமே, அப்படி ஒரு வெள்ளை வெளிச்சம். அதோடு எனக்கு நினைவு முடிந்துவிட்டது. ஆனால் நான் மயங்கவில்லை. எழுந்து நின்று, மண்ணைத் தட்டிவிட்டு, ஆட்டம் முடியும் வரை ஆடியிருக்கிறேன், இன்னொருத்தியைப் பிடித்தும் இருக்கிறேன். “ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்ன” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தோழிகள் பிறகு சொன்னார்கள். வெற்றிக்கான பரபரப்பு என்று நினைத்துக்கொண்டார்களாம்.

மறுநாள் விடுதி அறையில் டியூப்லைட் போட்டதும் கண்ணுக்குள் ஊசி ஏற்றியது போலிருந்தது. பக்கத்து அறையின் வானொலி தாங்கவில்லை. செய்தித்தாளை விரித்தால் ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி நழுவியது. சொற்கள் வராமல் போனது தனி வேதனை. துடைப்பத்தைக் கையால் காட்டி “அந்தக் கூட்டுவதை எடு” என்று தோழியிடம் சொன்னேன். அது என்ன என்று எனக்குத் தெரியும், பெயர் மட்டும் வரவில்லை. ஊருக்குப் போன பஸ் பயணம் முழுவதும் குமட்டல்.

அம்மா திருஷ்டி கழித்தார். கண் பட்டுவிட்டது என்றார். எனக்கு அதில் ஆறுதல் இருந்தது, ஏனென்றால் எனக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்பதையாவது அவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர்கள் “நன்றாகத்தானே இருக்கிறாய்” என்றார்கள். கட்டுப் போட்ட கை, வீங்கிய கால் என்றால் பார்க்கிறவர்கள் நம்புவார்கள். இதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. எனக்கு வலியைவிட அதுதான் பெரிய பாரமாக இருந்தது.

சி.டி. ஸ்கேன் எடுத்தோம். நார்மல் என்கிறார்கள். ஆனாலும் தலைவலி போகவில்லை. நடிக்கிறானா?

நடிக்கவில்லை. அவசரப் பிரிவில் சி.டி. ஸ்கேன் எடுப்பது இரத்தக்கசிவும் எலும்பு முறிவும் உண்டா என்று பார்க்கத்தான். மூளை அதிர்ச்சி என்பது மூளை இயங்கும் விதத்தில் ஏற்படும் கோளாறு. வழக்கமான ஸ்கேனில் அது தெரியாது. “நார்மல்” என்பதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் ஆபத்து இப்போது தெரியவில்லை என்றுதான் பொருள். அது பெரிய நல்ல செய்தி. ஆனால் நாளைக்கே பயிற்சிக்குப் போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஸ்கேன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு “டாக்டரே ஒன்றும் இல்லை என்றுவிட்டார்” என்று பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிய பெற்றோரை அதிகம் பார்த்துவிட்டேன்.

எந்த அறிகுறி கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓட வேண்டும்?

தலைவலி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழப்பது, எழுப்பினால் எழாத தூக்கம், ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிவது, காதுக்குப் பின்னால் கன்றிப்போவது, கழுத்தில் கடும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும், 108-ஐ அழையுங்கள். கைக்குழந்தை என்றால் பால் குடிக்க மறுப்பதும், ஓயாத அழுகையும், உச்சிக்குழி புடைத்திருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு மணி நேரம் கழித்துச் சரிந்துவிட்டார் என்ற கதையை ஒவ்வொரு ஊரிலும் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு. நெற்றிப்பொட்டை ஒட்டிய எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே இரத்தம் தேங்கத் தொடங்கும். போதிய அளவு தேங்கி மூளையை அழுத்தும் வரை ஆள் தெளிவாகவே இருப்பார். அந்தத் தெளிவை நம்பி நேரத்தைக் கடத்திவிடுகிறோம்.

இந்திய அணிக்காக ஆடிய ராமன் லாம்பாவை இப்போது பலருக்கு நினைவிருக்காது. 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். மட்டையாளருக்கு மிக அருகில், ஹெல்மெட் இல்லாமல் நின்று பீல்டிங் செய்துகொண்டிருந்தார். மட்டையாளர் அடித்த பந்து அவர் தலையில் பட்டுத் தெறித்தது. லாம்பா எழுந்து தானே நடந்து வெளியேறினார். அதன் பிறகு நிலை மோசமாகி, மண்டைக்குள் இரத்தக்கசிவால் மூன்றாம் நாள் உயிரிழந்தார். வயது 38. என் மாணவர்களுக்கு நான் சொல்வது இந்த ஒரு கதையைத்தான். மட்டையாளரை ஒட்டிய அந்த ‘ஷார்ட் லெக்’ இடத்தில் அவர்களில் யாரும் ஹெல்மெட் இல்லாமல் நிற்பதில்லை.

அடிபட்டவரைத் தூங்கவிடக் கூடாது என்கிறார்களே?

மருத்துவர் பார்த்து, ஆபத்து அறிகுறி இல்லை என்று சொன்ன பிறகு தூங்கலாம், தூங்கவும் வேண்டும். மூளை ஆறுவதற்குத் தூக்கம் வேண்டும். முதல் இரவில் தனியாக மட்டும் விடாதீர்கள். பக்கத்தில் ஒருவர் படுத்திருக்கட்டும். இடையில் எழுப்பிப் பார்க்கச் சொல்லி மருத்துவர் கூறியிருந்தால் எழுப்புங்கள்.

என்ன மாத்திரை கொடுக்கலாம்?

தலைவலிக்குப் பாரசிட்டமால். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்றவற்றை முதல் இரண்டு நாட்களுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள், இரத்தக்கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டலாம். இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் அதைத் தானாக நிறுத்திவிடவும் கூடாது, மருத்துவரிடம் கேட்க வேண்டும். மது அறவே வேண்டாம். வண்டி ஓட்டவும் வேண்டாம்.

மைதானத்தில் அந்த நிமிடம் என்ன செய்வது?

முதலில் கழுத்தை நினையுங்கள். நம் ஊரில் ஒருவர் விழுந்த உடனே நான்கு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஓரமாகக் கொண்டுபோவார்கள், ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றுவார். அன்புதான், ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே கைகால் செயலிழந்துவிடலாம். மயங்கிக் கிடந்தாலோ, கழுத்து வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்றாலோ அசைக்காதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மூச்சு வருகிறதா என்று பார்த்தபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். மூச்சு விடுவதில் தடை இருந்தால் மட்டும் அது எல்லாவற்றுக்கும் முந்தியது.

தெளிவாக இருக்கிறவரிடம் சில கேள்விகள் கேளுங்கள். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம்? இது முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன ஆட்டத்தில் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா? உலகமெங்கும் மைதான ஓரத்தில் கேட்கப்படும் கேள்விகள் இவை. ‘உன் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன’ என்று கேட்பதால் பயன் குறைவு. பழைய நினைவு தப்புவதில்லை, சற்று முன் நடந்ததுதான் தப்பும். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும், அடி பலம் என்று உங்களுக்குத் தோன்றினால் வெளியே எடுங்கள்.

என் மாணவி ஒருத்தி விக்கெட் கீப்பர். பந்து ஹெல்மெட்டில் உரசிப் போனது. “ஒன்றும் இல்லை, மிஸ்” என்றாள், கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். ஆனால் ஓவர் முடிந்ததும் எதிர் முனைக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே கையுறையைத் தட்டிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். எப்போதும் வாய் ஓயாமல் பேசி அணியை எழுப்புகிறவள் அன்று அமைதியாகிவிட்டதையும் சேர்த்துப் பார்த்து அவளை வெளியே அழைத்தேன். மாலையில் இரண்டு முறை வாந்தி எடுத்து, மருத்துவமனையில் ஓர் இரவு இருந்தாள். ஆட்டக்காரரை நன்றாகத் தெரிந்தவரின் கண் பெரிய கருவி.

இருட்டறையில் எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?

முன்பெல்லாம் அறிகுறி முழுக்கப் போகும்வரை இருட்டறை ஓய்வு என்றார்கள். இப்போது அப்படி இல்லை. 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் விளையாட்டு மூளை அதிர்ச்சி வல்லுநர்கள் கூடி, 2023-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, முழு ஓய்வு நல்லதல்ல என்கிறது. முதல் ஒன்றிரண்டு நாட்கள் வேலையைக் குறைத்து, வீட்டுக்குள் நடமாடி, அலைபேசியையும் தொலைக்காட்சியையும் ஒதுக்கி வைக்க வேண்டும். அதற்குள்ளேயே மெதுவான நடையைத் தொடங்கலாம். தலைவலி லேசாகக் கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் அளவைக் குறைக்க வேண்டும்.

பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் தேறுகிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை ஆகலாம். அதற்கு மேலும் நீடிக்கிறவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருத்தி. முன்பே ஒற்றைத் தலைவலி இருந்தவர்களுக்கும் மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் கூடுதல் நாள் பிடிக்கிறது.

பள்ளிக்கு எப்போது அனுப்பலாம்? பன்னிரண்டாம் வகுப்பு, விட முடியாது.

விளையாட்டுக்கு முன் படிப்பு. அதுதான் முறை. வகுப்பில் முழு நாள் உட்கார்ந்து படிக்க முடியாத பிள்ளையை மைதானத்தில் இறக்கக் கூடாது. அரை நாளில் தொடங்குங்கள். ஜன்னலிலிருந்து தள்ளி இடம் கேளுங்கள். கரும்பலகையில் இருந்து எழுதி எடுப்பது சிரமம், ஒவ்வொரு முறையும் கண் மேலும் கீழும் போக வேண்டும். நண்பரின் நோட்டை வாங்கிப் பார்க்கட்டும். மாதத் தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லிப் பள்ளியில் கேட்கலாம், மருத்துவரின் கடிதத்தோடு போங்கள். டியூஷனைச் சில நாள் நிறுத்திவிடுங்கள். காலையில் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் அலைபேசியில் பாடக் காணொளி என்று ஓட்டினால், இரண்டு வாரத்தில் தேற வேண்டிய பிள்ளை இரண்டு மாதம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது. மற்ற நேரம் ஒன்றும் இல்லை. இது என்ன?

உள்காதில் சமநிலையைக் காக்கும் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. அடிபட்டதில் அவை இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விட்டால், தலையைக் குறிப்பிட்ட பக்கம் திருப்பும்போது மட்டும் சில நொடிகள் கடுமையாகச் சுற்றும். காது மூக்கு தொண்டை மருத்துவரோ இதில் பயிற்சி உள்ள பிசியோதெரபிஸ்டோ உங்களைக் கட்டிலில் படுக்கவைத்து, தலையை ஒரு முறைப்படித் திருப்பித் திருப்பி அந்தப் படிகங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிவிடுகிறது. எனக்கும் ஆயிற்று. மாதக்கணக்கில் மாத்திரை தின்று காலம் கழிக்காதீர்கள், கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

எப்போது மறுபடி ஆடலாம்?

படிப்படியாக. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். கபடிக்குப் பொருத்திச் சொல்கிறேன். முதலில் நடை. பிறகு சைக்கிள் அல்லது மெல்லோட்டம், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி. பிறகு தனியாக மைதானத்தில் கால்வேலைப் பயிற்சி. இது வரை லேசான அறிகுறி இருந்தாலும் பார்த்துச் செய்யலாம். அடுத்த படிக்கு அறிகுறி முழுவதும் போயிருக்க வேண்டும், மருத்துவர் அனுமதியும் வேண்டும். அப்போது அணியோடு சேர்ந்து, பிடி இல்லாமல், கையாலும் காலாலும் தொடும் பயிற்சி. அதன் பிறகு பிடிப் பயிற்சி. கடைசியில் ஆட்டம்.

ஏன் இவ்வளவு பொறுமை? முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அது சிறிய அடியாகவே இருந்தாலும், மூளை கட்டுப்பாடின்றி வீங்கி உயிரே போகலாம். அரிதானது, ஆனால் இளம் ஆட்டக்காரர்களிடமே அதிகம் காணப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன் 2006-இல் தலையில் அடிபட்ட அன்றே மீண்டும் ஆட இறக்கப்பட்டு, மூளையில் இரத்தம் கசிந்து, உயிர் பிழைத்தும் நெடுங்காலம் நடக்கவும் பேசவும் முடியாமல் போனான். 2009-இல் அந்த மாநிலம் அவன் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. அடிபட்டதாகச் சந்தேகம் இருந்தாலே பள்ளி ஆட்டக்காரரை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவ அனுமதிக் கடிதம் இல்லாமல் திரும்பச் சேர்க்கக் கூடாது. பின்னர் எல்லா அமெரிக்க மாநிலங்களும் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தன. நம் மாநிலப் பள்ளி விளையாட்டுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று நான் கேட்காத கூட்டமில்லை.

அடிகள் திரும்பத் திரும்ப விழுந்தால் ஒரு கட்டத்தில் நிறுத்தத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவின் வில் புகோவ்ஸ்கி 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டில் 62 ரன் எடுத்தவர். அதுவே அவருடைய ஒரே டெஸ்டும் ஆனது. பல மூளை அதிர்ச்சிகளுக்குப் பிறகு, 2025-இல், 27 வயதில் ஓய்வை அறிவித்தார். இன்னும் தலைவலியும் களைப்பும் தொடர்வதாக வெளிப்படையாகப் பேசினார். அந்தத் திறமையை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஆனால் அவர் எடுத்த முடிவு சரியானது.

ஹெல்மெட் போட்டிருந்தானே, பிறகு எப்படி?

ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கிறது. உள்ளே மூளை ஆடுவதை அதனால் முழுக்கத் தடுக்க முடியாது. அதற்காக அது வீண் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். 1962-இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித்தின் பந்து இந்திய அணித்தலைவர் நாரி கான்ட்ராக்டரின் மண்டையோட்டை முறித்தது. அன்று ஹெல்மெட் கிடையாது. மேற்கிந்தியத் தீவுகள் அணித்தலைவர் ஃபிராங்க் வொரல் அவருக்கு இரத்தம் கொடுத்தார். உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி டெஸ்ட் ஆடவில்லை. 21 வயதுப் பட்டோடி தலைமை ஏற்க நேர்ந்தது. இன்று அதே மாதிரிப் பந்து பட்டால் பெரும்பாலும் மண்டையோடு தப்பிவிடும்.

2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய மட்டையாளர் ஃபிலிப் ஹியூஸ் இறந்தது ஹெல்மெட் மறைக்காத இடத்தில், கழுத்தில் அடிபட்டதால். கழுத்துத் தமனி கிழிந்து மூளையைச் சுற்றி இரத்தம் பாய்ந்தது. ஹெல்மெட்டின் பின்னால் கழுத்துக் காப்பு பொருத்தும் வழக்கம் அதன் பிறகே பரவியது. பள்ளி அணிக்கு ஹெல்மெட் வாங்குகிறவர்கள் அந்தக் காப்பையும் சேர்த்து வாங்குங்கள். பலமான அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

பைக் ஹெல்மெட்டின் வாரைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறவர்கள் நம் சாலைகளில் ஏராளம். விழும்போது அது முதலில் பறந்துவிடும். என் அத்தானுக்கு அப்படித்தான் ஆனது.

கன்கஷன் மாற்று வீரர் விதியை அணிகள் ஆதாயத்துக்குப் பயன்படுத்துகின்றன என்கிறார்களே?

2020 டிசம்பரில் கான்பெராவில், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டி20 ஆட்டத்தில் அந்தச் சர்ச்சை வந்தது. ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது, அவருக்குப் பதிலாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியாவுக்காக ஆடிய முதல் டி20 ஆட்டமும் அதுதான். ஒரு அணிக்குக் கொஞ்சம் ஆதாயம் கிடைத்தால் கிடைக்கட்டும். மாற்று ஆள் கிடையாது என்றால், அடிபட்டவர் அணிக்காக மறைத்துக்கொண்டு ஆடுவார். விதி இருப்பதால்தான் தயங்காமல் வெளியே வர முடிகிறது.

கால்பந்தைத் தலையால் முட்டுவது ஆபத்தா? வருங்காலத்தில் மறதி நோய் வருமா?

ஒரே ஒரு மூளை அதிர்ச்சி வந்து தேறியவர்கள் இதை நினைத்துத் தூக்கம் இழக்க வேண்டாம். கவலை, பல ஆண்டுகள் ஓயாமல் விழும் அடிகளைப் பற்றியது. இங்கிலாந்து அணிக்கு ஆடிய ஜெஃப் ஆஸ்டில் தலையால் கோல் போடுவதில் பேர் பெற்றவர். 2002-இல் 59 வயதில் இறந்தபோது, பந்தை முட்டியதால் வந்த தொழில்சார் நோய் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அமெரிக்கக் கால்பந்து என்ற, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் வேறொரு ஆட்டத்தின் வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் இறந்த பின், அவருடைய மூளையில் டாக்டர் பென்னட் ஒமாலு கண்டறிந்த சிதைவும் இதே வகைக் கவலைதான். இந்தச் சிதைவை உயிரோடு இருக்கும்போது உறுதி செய்ய இன்னும் வழியில்லை.

சிறு பிள்ளைகளுக்குத் தலையால் முட்டும் பயிற்சி தேவையில்லை. பந்தைக் காலால் ஆளக் கற்கட்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே என் பயிற்சியில் அது கிடையாது.

எதற்கெடுத்தாலும் கோபம், காரணமில்லாமல் அழுகை. ஆளே மாறிவிட்டாள். என்ன செய்வது?

அதுவும் அடியின் ஒரு பகுதி. மனநிலையை ஆளும் பகுதிகளும் தலைக்குள்தான் இருக்கின்றன. தோழிகள் ஆடும்போது தான் வெளியே இருப்பது, தேறுவேனா என்ற பயம், யாரும் நம்பவில்லை என்ற தனிமை எல்லாம் மேலே சேர்கின்றன. அணியிலிருந்து விலக்கி வைக்காதீர்கள். ஸ்கோர் எழுதட்டும், பந்து எண்ணட்டும், ஓரத்தில் உட்காரட்டும். “எனக்கு வாழப் பிடிக்கவில்லை” என்ற தொனியில் ஒரு சொல் வந்தாலும் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் எந்த நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

வீட்டில் வயதானவர் விழுந்தார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு நாள் கவனிக்க வேண்டும்?

மாதக்கணக்கில். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. அதற்கும் உறைக்கும் நடுவே உள்ள சிறு இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. சின்ன இடியில் அவை கிழிந்து, இரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேரும். எங்கள் பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, பின்னந்தலையில் எலுமிச்சை அளவு வீக்கத்தோடு எழுந்து அன்று சமையலும் செய்தார். சில வாரம் கழித்துக் காலை இழுத்து நடக்கத் தொடங்கினார், சேலையைத் தலைகீழாகக் கட்டினார். வயசு என்றுதான் நினைத்தோம். ஸ்கேனில் பழைய இரத்தம் தேங்கியிருந்தது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு வெளியேற்றினார்கள், நன்றாக இருக்கிறார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர் தலையில் அடிபட்டால், அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சாலை விபத்து என்றால் பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

எங்கள் ஊரில் பொங்கலுக்குக் கபடிப் போட்டி நடத்துகிறோம். என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

சி.டி. ஸ்கேன் வசதி இரவிலும் இயங்கும் மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்று முதல் நாளே விசாரித்து, ஒலிபெருக்கி மேசையில் எழுதி ஒட்டுங்கள். ஒரு வண்டி, ஓட்டுநரோடு, கடைசி ஆட்டம் வரை நிற்கட்டும். மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கற்களையும் விளக்குக் கம்பங்களையும் அப்புறப்படுத்துங்கள், நிறையத் தலைகள் அங்கேதான் உடைகின்றன. தலையில் அடிபட்டவரை வெளியே எடுக்கும் அதிகாரத்தை எந்த அணியையும் சேராத ஒருவரிடம் கொடுங்கள். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று போட்டி தொடங்கும்போதே அணித்தலைவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்படி வெளியேறுகிறவருக்குப் பதிலாகக் கூடுதலாக ஒரு மாற்று ஆள் இறங்கலாம் என்றும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.